நான்கு மூலையிலும் மஞ்சள்

கையில் ஈரம் இருக்கும்போது ஆர்ட் பேப்பரைத் தொடக் கூடாது. வாழ்த்து அட்டை செய்கிற எவருக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிற விஷயம் இது. பளபளப்பு பூசிய தாளில் நீர் பட்டு, மேலே இன்னொரு தாள் அழுந்தினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் மேல்தோலோடு உரிந்து வரும். எனக்கு இது பன்னிரண்டு வருடமாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். புத்தி அன்றைக்கு வேறு எங்கோ இருந்தது என்று சொல்லலாம்; சொன்னால் மட்டும் ஆகிவிடுமா?

திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், தையல் மெஷினை ஓரங்கட்டிவிட்டுப் போட்ட மேஜைதான் என் தொழிற்சாலை. கடையில் விற்கிற அட்டை மாதிரி இரண்டாக மடித்துக் கொடுக்கிற வேலை இல்லை. திறந்தால் உள்ளிருந்து கோபுரம் எழுந்து நிற்கும் ஒன்றில். வாசல் கதவு மாதிரி இரண்டு பக்கமும் விரியும் இன்னொன்றில். நாடாவை இழுத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் சீட்டு வழுக்கிக்கொண்டு வெளியே வரும் வேறொன்றில். காலேஜ் பெண்கள் போனிலேயே ஆர்டர் கொடுப்பார்கள். "அக்கா, இழுத்தா அவன் போட்டோ வெளிய வரணும்" என்பார்கள். அவன் யார் என்று நான் கேட்பதில்லை. பூப்போட்ட தாளும் கட்டம் போட்ட தாளும் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போய்ப் பொறுக்கி வருவேன். முத்திரைகளைச் செய்து தருவது பக்கத்துச் சந்தில் ரப்பர் ஸ்டாம்ப் கடை வைத்திருக்கும் பாய். கம்பெனி சீல்களுக்கு நடுவே என் கிளியையும் மல்லிகை மொட்டையும் செய்வதில் அவருக்கு ஒரே சிரிப்பு. "என்னம்மா, இந்தக் கிளி எந்த ஆபீஸ்ல மேனேஜர்?" என்று கேட்பார்.

ஆனால் என் முதல் முத்திரையை எனக்குச் செய்து கொடுத்தது என் அண்ணன். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, நீல மையில் தொட்டு, என் நோட்டு அட்டை முழுக்க ஐந்து இதழ்ப் பூவாகக் குத்தினார். அம்மா குழம்புக்கு எடுத்து வைத்திருந்த காய் அது. அம்மா விளக்குமாற்றோடு வந்தபோது, "நான்தேன் செஞ்சேன், அவள விடு" என்று முன்னால் நின்று அத்தனை அடியையும் அவரே வாங்கிக்கொண்டார். நான் பின்னால் நின்று நோட்டைக் காய வைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்குக் கப்பலூரில் சின்ன லேத் பட்டறை. வீடும் பட்டறைக்குப் பக்கத்துத் தெருவிலேயே. எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம் ஆகாது. வாரத்தில் ஒரு நாளாவது நான் அங்கே இருப்பேன், இல்லையென்றால் அவர் இங்கே இருப்பார். அவர் மகன் கல்யாணத்தோடு அது நின்றுபோனது.

அந்தக் கல்யாண மேடையில் மைக்கில் பேர் பேராகக் கூப்பிட்டு மாலை மரியாதை செய்தார்கள். சம்பந்தி வகையறா, பட்டறைக்கு வேலை கொடுப்பவர், தெரு முக்கில் கடை வைத்திருப்பவர் வரைக்கும் மாலை விழுந்தது. கூடப் பிறந்தவளின் புருஷனை யாரும் கூப்பிடவில்லை. என் கணவருக்கு அது உறைக்கவே இல்லை. முதல் பந்தியில் இடம் பிடிக்கிற யோசனையில் இருந்தார். எனக்குத்தான் சுர்ரென்று ஏறியது. கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். நேரே அண்ணனிடம் போனேன்.

"ஏண்ணே, ஒன் மாப்ள ஒன் கண்ணுக்குத் தெரியலயா?"

"கூட்டத்துல விட்டுப்போச்சுத்தா. இந்தா, இப்பவே கூப்பிடச் சொல்றேன், வா."

"கேட்டு வாங்குற மாலை எங்களுக்கு எதுக்கு? நீ வந்து வாத்தான்னு கூப்பிடுற வரைக்கும் ஒன் வீட்டு வாசப்படிய நான் மிதிச்சா என்னன்னு கேளு."

அவர் என் கையைப் பிடித்தார். உதறினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கை நனைக்காமல் கிளம்பிவிட்டோம். பஸ்ஸில் என் கணவர், "சாம்பார் வாசம் நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் மூன்று வருடம். அண்ணன் இரண்டு முறை போன் செய்தார், நான் எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுக்கலாம் என்று இருந்தேன். மூன்றாம் முறை வரவில்லை.

பிறகு என் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. எங்கள் பக்கத்தில் முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். புருஷனும் பெண்சாதியுமாகத் தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கையில் கொடுக்க வேண்டும். தபாலிலோ கூரியரிலோ அனுப்புவது, கூப்பிடாமல் இருப்பதைவிடக் கேவலம். இது எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்ன வாயும் என்னுடையது, மிதிக்க வேண்டிய காலும் என்னுடையதாக இருந்தது.

"வா, நான் முன்னாடி போறேன், நீ பின்னாடி வா. ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்ட" என்றார் என் கணவர்.

"அவரு ஒரு வார்த்தை வான்னு சொல்லட்டும், வாரேன்."

"அவருக்கு எப்பிடித் தெரியும், நீ இங்க காத்துக்கிட்டு இருக்கன்னு?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகத்தான் அந்த அட்டையைச் செய்தேன்.

ஒன்பது நாள் ஆனது. சுங்குடிப் புள்ளி அச்சிட்ட அரக்குச் சிவப்புத் தாளில் இரண்டு கதவு. கதவைத் திறந்தால் சந்தன நிறத்தில் ஒரு பக்கம், அதைச் சுற்றி வெண்டைக்காய்ப் பூ. இதற்கென்றே பாயிடம் ஒரு வெண்டைக்காயை வெட்டிக் கொடுத்து, அதே அளவில் முத்திரை செய்யச் சொன்னேன். "காய்கறிக் கடைக்கு சீலா?" என்றார். அண்ணனுக்கு என்றேன். அவர் அதற்குமேல் கேலி செய்யவில்லை. நோட்டில் இருந்த அதே நீல மையில் குத்தினேன். நடுவில் கல்யாண நாள், மண்டபம் எல்லாம் என் கையெழுத்தில். வலப்பக்கம் கீழ் மூலையில் ஒரு கீறல், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பச்சை நாடா. அதை இழுத்தால் உள்ளிருந்து ஒரு சீட்டு வரும். நான் சொல்ல வந்தது அந்தச் சீட்டில்தான் இருந்தது.

"அண்ணே, வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னது என் வாய்க்கொழுப்பு. நீ இல்லாம என் மக கழுத்துல தாலி ஏறக் கூடாது. வாத்தான்னு ஒரு போன் போடு. அன்னைக்கே தட்டோட வந்து நிக்கிறேன்."

கண்ணில் படுகிற இடத்தில் இதை எழுத வெட்கமாக இருந்தது. மதினியோ மருமகளோ முதலில் படித்துவிட்டால் என்ற பயமும் இருந்தது. அண்ணன் பட்டறைக்காரர், இழுக்கிற, சுற்றுகிற எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது, கட்டாயம் இழுத்துப் பார்ப்பார் என்று நினைத்தேன். பதினைந்து முறை இழுத்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி வழுக்கியது.

கூரியருக்குக் கிளம்புகிற நேரத்தில்தான் மனசு கேட்கவில்லை. தட்டு இல்லை, வெற்றிலை இல்லை, நேரில் போகவில்லை. மஞ்சளாவது இருக்கட்டும் என்று தோன்றியது. மற்ற பத்திரிகைகளுக்கெல்லாம் விரல் நுனியில் தொட்டு மூலைக்கு ஒரு பொட்டு வைத்ததோடு சரி. அண்ணனுக்கு என்பதால் மஞ்சளை நன்றாகக் குழைத்து, வெளியே நான்கு மூலை, கதவைத் திறந்து உள்ளே நான்கு மூலை என்று தாராளமாகத் தடவினேன். தாள் ஈரத்தில் நெளிந்தது. நெளிந்த அட்டையை அண்ணனுக்கு அனுப்புவதா என்று, குக்கரில் தண்ணீர் பிடித்து அட்டையின் மேல் பாரமாக வைத்துவிட்டுச் சேலை மாற்றப் போனேன். வந்து பார்த்தபோது அட்டை பலகை மாதிரி நேராக இருந்தது. மறுபடி இழுத்துப் பார்க்கவில்லை. உறையில் போட்டு ஒட்டி, கடை சாத்துவதற்குள் ஓடினேன்.

கவுன்ட்டரில் இருந்த பெண் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "இந்தா இருக்க கப்பலூருக்காக்கா கூரியரு?" என்றாள்.

"ஒன் வேலையப் பாரும்மா" என்றேன்.

மறுநாள் மாலை, ஒப்படைத்தாயிற்று என்று போனில் செய்தி வந்தது. அன்றிலிருந்து போன் என் இடுப்பிலேயே இருந்தது. குளிக்கப் போகும்போது வாசலில் வைத்துவிட்டுப் போனேன். ஒரு வாரம் ஆனது. பத்து நாள் ஆனது. என் கணவர், "நீயே ஒரு போன் போட்டுப் பாரேன்" என்றார். "காலப் பிடிக்காத கொறையா எழுதிட்டேன், இன்னும் எம்புட்டு எறங்கச் சொல்றீங்க?" என்று அவர் மேல் பாய்ந்தேன். அப்படி எழுதியதைப் படித்துவிட்டும் ஒரு மனுஷன் சும்மா இருக்கிறாரே என்று, மூன்று வருடக் கோபத்தைவிடப் பெரிய கோபம் அப்போதுதான் வந்தது.

முகூர்த்தத்தன்று கடைசி நிமிடம் வரைக்கும் மண்டப வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமன் நிற்க வேண்டிய இடத்தில் என் பெரியப்பா மகனை நிறுத்தினார்கள். மகள் என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். எல்லோரும் நல்லபடியாக நடந்தது என்றார்கள். நல்லபடியாகத்தான் நடந்தது.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் அண்ணன் மகனிடமிருந்து போன். பட்டறையில் மெஷினுக்குப் பக்கத்திலேயே அண்ணன் உட்கார்ந்தபடி சரிந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம். நாங்கள் ஆட்டோவில் போனோம். எந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்றேனோ, அதைச் செருப்பைக்கூடக் கழற்றாமல் மிதித்துக்கொண்டு ஓடினேன். வாத்தா என்று கூப்பிட அங்கே யாரும் இல்லை.

பதினாறு முடிந்த மறுநாள், வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, மதினி என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார். பீரோவைத் திறந்து ஒரு பட்டுச் சேலைப் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தார். மூடியைத் திறந்தால் மேலாக என் அட்டை. கீழே மாம்பழ நிறத்தில் ஒரு சேலை.

"ஒன் மகளுக்கு எடுத்தது. மாமன் சீருக்கு" என்றார்.

நான் அட்டையை எடுத்தேன். மஞ்சள் காய்ந்து பழுப்பாகியிருந்தது. பச்சை நாடா பாதியில் பிய்ந்து, ஒரு நூல் பிசகாமல் செல்லோ டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. கீறலின் ஓரத்தில் மெல்லிய தகடு எதையோ நுழைத்துப் பார்த்த தடம். நாடாவை இழுத்தேன். வரவில்லை. மஞ்சளும் குக்கரும் அப்போதுதான் ஞாபகம் வந்தன.

"மொதல்ல கூரியர்ல வந்ததப் பாத்துட்டு கோவத்துல ஒரு பாடு குதிச்சாரு" என்றார் மதினி. "பெறகு தொறந்து அந்தப் பூவப் பாத்தாரா, வெண்டக்காய்டீன்னு சிரிச்சாரு. நாடாவ இழுத்தாரு, பிஞ்சு போச்சு. பட்டறைக்குக் கொண்டு போயி என்னென்னமோ விட்டுப் பாத்தாரு. நான்தான், பிளேடால கீறிப் பாருங்கன்னேன். எம்மேல எரிஞ்சு விழுந்தாரு. உள்ள என்னமோ இறுகிக் கெடக்கு, பலமா இழுத்தாக் கிழிஞ்சிரும், பிள்ள மெனக்கெட்டுச் செஞ்சிருக்கு, தட்டு வைக்க வருவால்ல, அவளே தொறந்து காட்டட்டும்னாரு."

அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைக்கச் சொன்னேன். ஆவியில் காட்டி, ஸ்கேலின் ஓரத்தை விட்டு, மெதுவாக நெம்பினேன். இந்த வேலை எனக்குத் தெரியும். சீட்டு வந்தது. ஆனால் அதன் மேல்தோல் உள்ளேயே தங்கிவிட்டது. முதல் சொல் மட்டும் முழுசாக இருந்தது: அண்ணே. அதற்குக் கீழே வெறும் வெள்ளைப் பஞ்சு, அங்கங்கே மைக் கீற்று.

மதினி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"என்னத்தா எழுதியிருந்த?"

"வாத்தான்னு ஒரு போன் போடுன்னு எழுதியிருந்தேன் மதினி. போட்டா அன்னைக்கே வாரேன்னு."

மதினி சீட்டை மறுபடி அட்டைக்குள் செருகி, அட்டையைச் சேலை மேல் வைத்து, பெட்டியை மூடி என் மடியில் வைத்தார்.

"போன் போடவான்னு தெனம் எங்கிட்டக் கேப்பாரு. போடுங்கன்னு சொன்னா, நான் போட்டா எடுக்க மாட்டா, ரெண்டு தடவ எடுக்கல, அவளே போடட்டும்பாரு. மண்டபத்துக்கு நீங்க கெளம்புற அன்னைக்கு வரைக்கும் போனு அவரு கையிலதான் இருந்துச்சு."