பன்னிரண்டாம் வரிசைக் காராமணி

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லை எந்த ஊரோடு முடியும் என்று இன்னும் பேசிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு விதைப் பண்ணையில் எனக்குச் செடி எண்ணும் வேலை. காராமணியின் உயரம், கிளை, பூத்த நாள், காய், கடைசியில் விதையின் எடை என்று ஒவ்வொரு செடிக்கும் எழுத வேண்டும். எது கூடினால் விளைச்சல் கூடுகிறது என்று பார்த்து, ஒரே ஒரு வரிசையை விதைக்கு வைப்பார்கள். மற்றதெல்லாம் கழிவு.

இரண்டு சாகுபடிப் பட்டம் எண்ணியதில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். உயரமான செடி அதிகம் விளைவதில்லை. காய் அதிகம் பிடிப்பதுதான் விளைகிறது. பன்னிரண்டாம் வரிசை முழங்கால் உயரம்கூட இல்லை, ஆனால் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. மூன்றாம் பட்டத்திலும் அப்படியே நின்றால் அதுதான் விதை.

காய் முற்றும் சமயத்தில் சித்தூர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். படிவங்களைத் தெலுங்கில் மாற்றி எழுத மூன்று நாள் ஆனது. திரும்பி வந்தபோது பன்னிரண்டாம் வரிசையில் பாதிக்குமேல் காயில்லை. மாடு மேய்ந்த தடமும் இல்லை.

களை எடுத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கேட்டேன்.

"கங்கம்மா கோயில்ல மொதல் காயி வெச்சோம் சாரு. நீ ஊர்ல இல்ல."

"ஓரத்து வரிசைல பறிக்கிறதுதானே?"

"அது சொத்தை. சொத்தைய வெச்சா ஆத்தா துன்னுவாளா? நீதான தெனிக்கும் இங்கயே குந்திக்கினு இருக்கற. இதான் நல்லதுன்னு அப்பிடித்தான் தெரிஞ்சிது."

பறித்த இடத்தில் காம்பின் அடி ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் குனிந்து அதையெல்லாம் எண்ணி, தனிக் கட்டம் போட்டு எழுதினேன்.

திருப்பதியிலிருந்து வந்த அதிகாரி அந்தக் கட்டத்தைப் பார்த்தார்.

"எண்ணிக்கை சரி. எடை எங்க?"

"காய் இல்லையே சார்."

"காம்ப எடை போட முடியுமாய்யா?"

அவர் கோபப்படவில்லை. வரிசையின்மேல் சிவப்புக் கோடு இழுத்துவிட்டு, எடை முழுதாக இருந்த நான்காம் வரிசையை விதைக்கு எழுதினார். இடுப்பளவு உயரம், சுமாரான காய்.

கழிவு விதையை வேலையாட்களுக்குக் கொடுப்பது வழக்கம். பன்னிரண்டாம் வரிசையில் மிஞ்சியதை அந்தப் பெண்ணுக்கு நான்தான் அளந்து கொடுத்தேன். ஒரு கைப்பிடி எடுத்து வைத்திருக்கலாம்; அதற்குக்கூட அன்றைக்குக் கை எழவில்லை.

மறுவாரம் அந்தப் பெண் சொன்னாள்: "கொழம்பு கெட்டியா வந்துச்சி சாரு. அந்தக் கொட்ட ஒரே கொதில வெந்துச்சி."

வேகும் நேரத்துக்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. நான் நான்காம் வரிசை விதையைப் பையில் கட்டிக்கொண்டிருந்தேன்.