டிவியைச் சுட்ட விண்கலம்

எண்பதுகளின் கடைசி. சேலையூரில் மாடி அறையில் பேச்சிலராகக் குடியிருந்தேன். என்னிடமிருந்த குட்டிக் கம்ப்யூட்டர் டிவியில் மாட்டினால்தான் ஓடும். ஞாயிறு மதியங்களில் வீட்டுக்கார அக்காவின் டிவியில் அதை மாட்டி, வீடியோ கேமில் விண்கலம் ஓட்டி எதிரிகளைச் சுட்டுத் தள்ளுவேன்.

"டிவிக்கு ஏதாவது ஆச்சு, ரூமைக் காலி பண்ணிடணும்" என்று அக்கா சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிறு மாலை, படம் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு டிவியைப் போட்டேன். திரை முழுக்கப் புள்ளிகள்.

"இன்னாப்பா, ஒரே பூச்சியா பறக்குது?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

என் விண்கலம் டிவியையே சுட்டுவிட்டதென்றே நினைத்தேன். பழியை ஆன்டெனா மேல் போட்டு மொட்டைமாடிக்கு ஓடினேன். அதைத் திருப்பித் திருப்பி, "தெரியுதா?" என்று கத்தினேன்.

"வந்துடுச்சு! கையை எடுக்காத, அப்படியே புடிச்சிட்டு நில்லு!" என்று கீழிருந்து அக்கா குரல் கொடுத்தார். படம் முடியும்வரை சிலையாக நின்றேன்.

இறங்கியதும் காபி கொடுத்தார். "ஆன்டெனா வயரைப் புடுங்கிட்டு கேம் ஆடினியே, திரும்பச் சொருகினியா? நான்தான் சொருகினேன்."

"அப்போ நான் எதுக்குக்கா மேல நின்னேன்?"

"கீழ இருந்தா மறுபடி ஏதாவது நோண்டுவ."

அறை தப்பியது. பதறினால் நான் தப்பான இடத்தில்தான் உழைப்பேன் என்று அன்று தெரிந்துகொண்டேன். திருந்திவிட்டதாக மட்டும் நினைத்துவிடாதீர்கள்.