மூன்று தடவை கூப்பிடுகிறவர்

ஸ்டூலின் ஒரு காலுக்கு அடியில் பழைய வழக்குப் பட்டியலை எட்டாக மடித்துச் சொருகி, உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்திப் பார்க்கிறார் காஜா மைதீன். ஆடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, மாஜிஸ்திரேட் அம்மா குடியிருக்கும் அரசு வீட்டு முன்னறை. கோர்ட்டுக்கு லீவுதான். ஆனால் போலீஸ் பிடித்தவரை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்தியாக வேண்டுமே, அதனால் லீவு நாளில் வீட்டுக்கே கூட்டி வருவார்கள். அப்படி வருகிறவர் உட்காரத்தான் இந்த ஸ்டூல்.

காஜா மைதீன் கோர்ட் டவாலி. தோளில் சிவப்புப் பட்டையும் அதில் பித்தளை வில்லையுமாக வாசலில் நின்று பெயர் கூப்பிடுவது வேலை. ஒவ்வொரு பெயரையும் மூன்று தடவை. முதல் தடவை மெதுவாக, இரண்டாவது கொஞ்சம் ஏற்றி. மூன்றாவது தடவை கூப்பிட்டால், பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும் சாட்சி கிளாஸை வைத்துவிட்டு ஓடிவருவார். அந்தத் தொண்டைக்காகவே சுக்குத் தண்ணீர் ஃபிளாஸ்க் எப்போதும் கூட வரும். கீரனூரில் வீட்டிலும் இதே குரல்தான். "இது கோர்ட்டு இல்லங்க, நான் இங்கிட்டுத்தானே இருக்கேன்" என்று மனைவி ரம்லத் பீவி காதைப் பொத்திக்கொள்வார்.

இத்தனை சத்தம் போடுகிற மனிதர், இருபத்திரண்டு வருஷத்தில் நீதிபதி முன்னால் சொந்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. டவாலி கூப்பிடலாம், கருத்துச் சொல்லக் கூடாது. முன்பு இருந்த நீதிபதி ஒருவர், "அக்யூஸ்டுக்கு ஆசனமா?" என்று எரிந்து விழுந்தபோதும் பேசாமல் ஸ்டூலை அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டார். மூன்று வருஷம் அதன்மேல் தண்ணீர்க் குடம்தான் உட்கார்ந்திருந்தது. "இன்னும் கேஸே நடக்கல, அதுக்குள்ள என்ன குத்தவாளி?" என்று வீட்டுக்குப் போய்ப் பொரிந்து தள்ளுவார். பாவம், ரம்லத் பீவி என்ன தீர்ப்புச் சொல்வார். இப்போதைய ஜட்ஜம்மா வந்த முதல் ஞாயிறே, "நிக்க வச்சுக்கிட்டா பேசுறது? உக்கார ஏதாச்சும் போடுங்க பாய்" என்றார். குடம் இறங்கியது, ஸ்டூல் முன்னறைக்கு வந்தது.

போன மாசம் ஒரு ஞாயிறு. அன்றைக்குக் கொழுந்தியா மகளுக்கு நிக்காஹ். பிரியாணியை நினைத்துக்கொண்டே டியூட்டிக்கு வந்திருந்தார். எழிலரசன் என்ற டிராக்டர் டிரைவரை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். குன்றாண்டார்கோவில் பக்கத்து ஆள். இருபது நாளாகக் குடிதண்ணீர் வரவில்லை என்று ஊரே காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதில் சத்தமாகக் கேள்வி கேட்டவர் இவர். எந்த ஸ்டேஷன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கேட்டுக்கு வெளியே அவர் மனைவி செல்வராணி, அழக்கூடப் பயந்துபோய் நின்றிருந்தார்.

யாராவது அடித்தார்களா என்று ஜட்ஜம்மா கேட்டார். எழிலரசன் பின்னால் நின்ற எஸ்.ஐ.யைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். ஜட்ஜம்மா பேனாவைத் திறந்தார். கையெழுத்து விழுந்தால் பதினைந்து நாள் ஜெயில். அதற்குள் உடம்பில் இருப்பது ஆறிவிடும், அப்புறம் யார் கேட்டாலும் சாட்சி கிடையாது. காஜா மைதீனுக்கு இது நன்றாகத் தெரியும். படி ஏறும்போதே அந்தக் கால்கள் தடுமாறியதைப் பார்த்திருந்தார். பிரியாணி நினைப்புப் போன இடம் தெரியவில்லை.

ஸ்டூலை நகர்த்திப் போட்டு, "உக்காருங்க தம்பி" என்றார் மெதுவாக. எழிலரசன் அசையவில்லை.

"உக்காருங்க." இந்தத் தடவை குரலைக் கொஞ்சம் ஏற்றினார். நின்றுகொள்கிறேன் என்று முனகினார் எழிலரசன்.

மூன்றாவது தடவை வந்தது பாருங்கள், அது கோர்ட் குரல். "எழிலரசன், உக்காருங்க!" ஜன்னல் கதவு அதிர்ந்தது.

ஜட்ஜம்மா நிமிர்ந்தார். காலியாகக் கிடந்த ஸ்டூலைப் பார்த்தார், நிற்கிறவரைப் பார்த்தார், பேனாவை மூடினார். போலீஸ்காரர்கள் எல்லாரையும் கேட்டுக்கு வெளியே போய் நிற்கச் சொன்னார். கைதி, பாதுகாப்பு என்று எஸ்.ஐ. இழுத்தார்.

"பாய் இருக்காரு. நீங்க போங்க."

கதவு சாத்திய பிறகுதான் எழிலரசனுக்கு வாய் வந்தது. "ஒக்கார முடியலைங்கம்மா." கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார். பின்தொடையில் லத்தி விழுந்த தடம் வரிவரியாகக் கன்றிக் கருத்திருந்தது. வாயைத் திறந்தால் பெண்டாட்டி பேரிலும் கேஸ் பாயும் என்று ஜீப்பிலேயே சொல்லிவிட்டார்களாம். அவர் சொல்லச் சொல்ல ஜட்ஜம்மா ஒரு வார்த்தை விடாமல் எழுதினார், ஒரு மணி நேரம். எழுதியதை வாசித்தும் காட்டினார். சிறைக்கு அனுப்ப மறுத்து, சொந்த ஜாமீனில் விட்டு, அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஒவ்வொரு காயத்தையும் பதிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். "தண்ணி கேக்குறது குத்தம் இல்ல. போய் வைத்தியம் பாருங்க" என்றார். நூற்றியெட்டு ஆம்புலன்ஸில் ஏறும்போதுதான் செல்வராணி வாய்விட்டு அழுதார்.

உத்தரவின் நகலை வாங்க எஸ்.ஐ. உள்ளே வந்தார். ஜட்ஜம்மா உள்ளறையில் முத்திரை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கால்கள். ஸ்டூலைக் கண்டதும் உட்காரப் போனார்.

காஜா மைதீன் குனிந்து, அடியில் இருந்த காகித மடிப்பை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஸ்டூலை ஒரு கையால் தூக்கி அடுப்படிக்குக் கொண்டுபோனார்.