திரும்பிப் போகிற டிக்கெட்

வென்ட்வேர்த்வில் என்ற புறநகரில் நான் பயண முகவர். எந்த நாட்டு விசா விதியைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வேன். ஜெர்மன் குடியுரிமை பெற்ற என் அண்ணா, பார்படோஸ் தீவுக்குச் சுற்றுலா போக விரும்பித் தொலைபேசியில் அழைத்தார்.

“ஜெர்மன் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை அண்ணா. ஆனா திரும்பிப் போற டிக்கெட் காட்டோணும். இல்லாட்டி உள்ளுக்க விடமாட்டாங்கள்,” என்றேன்.

அண்ணா சிரித்தார். “ஊரில நடந்த சண்டைக்குத் தப்பி ஜெர்மனியில வந்து இறங்கேக்க என்னட்டை இதைக் கேட்டிருந்தா, நான் எங்கை திரும்பிப் போறது?”

கணினியில் திரும்பும் ஊரைக் கேட்கும் கட்டத்தைத் திறந்தேன். அவரே தொடர்ந்தார்: “இப்ப போடு பிள்ளை. திரும்பி பிராங்பேர்ட்டுக்கு. வீட்டுக்கு.”

விதிகளை இன்றும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறேன். திரும்பிப் போகிற டிக்கெட் என்று வரும்போது மட்டும், எதிரே இருப்பவரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.