எலுமிச்சம்பழம் பிடித்த கைகள்

விழுப்புரத்தில் நான் ஏறிய பாசஞ்சர் ரயிலில் எதிர் இருக்கைக்காரர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தார். அந்த வாடை போதும். கல்லூரி விடுதி அறை திரும்பிவிட்டது. அங்கே நான் கவிதை எழுதுவேன். எதிர்க்கட்டிலில் சேவியர் கால் நீவிக்கொண்டிருப்பான்.

பிறகு அவன் கொல்கத்தா, கோவா என்று பதினொரு வருடம் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடினான். தடுப்பாட்டக்காரன். கடைசி ஆட்டத்தில் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கி, "தொடவே இல்ல சார்" என்று நடுவரிடம் சாதித்தான். பெனால்டி. தோல்வி. அடுத்த வருடம் யாரும் கூப்பிடவில்லை. இப்போது பாகூர் பக்கத்துச் செலியமேடு அணிக்குப் பயிற்சியாளன். அவனைப் பார்க்கத்தான் போகிறேன்.

காலை ஒன்பது. வில்லியனூரில் இறங்கினேன். பாகூருக்கு ஆட்டோ முந்நூற்றைம்பது ரூபாய். கரிக்கலாம்பாக்கம் வரை ஓட்டுநர் வாய் திறக்கவில்லை, அதன்பின் மூடவில்லை.

"சேவியர் கோச்சப் பாக்கவா? இன்னிக்கு அரியூர்காரன்கிட்ட தோத்தா அவரு கத முடிஞ்சிது சார். பாய் சொல்லிட்டாரு."

பாய் என்றால் இப்ராகிம் பாய். பாகூரில் ஹார்டுவேர் கடை, அணியின் தலைவர்.

பத்தரை மணி. அறுவடை முடிந்த வயலை ஒட்டிய திடலில் பயிற்சி. தடுப்பாட்டக்காரர்கள் நால்வரும் கைக்கு ஒரு எலுமிச்சம்பழம் பிடித்தபடி ஓடினார்கள்.

"கை காலியா இருந்தா சட்டையப் புடிக்கும்டா," என்றான் சேவியர் என்னிடம்.

"இன்னாண்ணா, ஆடச் சொல்றியா, லாரிக்குப் பூஜ போடச் சொல்றியா?" என்று கத்தினான் முருகன், முப்பது தாண்டிய வேன் ஓட்டுநர், நால்வரில் நடுவில் நிற்பவன். முடிந்ததும் அதே பழங்களைப் பிழிந்தார்கள். "உப்பு வேணாம், முருகன் கை வேர்வையிலயே இருக்குது" என்றது ஒரு குரல். நானும் குடித்தேன்.

மாலை நான்கு. பாகூர் மைதானம், ஈரப்பதமான காற்று. அணிக்கொரு கோல். டிரா ஆனால் சேவியருக்கு வேலை மிஞ்சும். கடைசி நிமிடத்தில், பெனால்டி கட்டத்துக்கு வெளியே, அரியூர் முன்னாட்டக்காரன் முருகனைத் தாண்டினான். அவன் சட்டை நுனி முருகனின் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் படபடத்தது. கோட்டோரத்திலிருந்து அலறல் வந்தது.

"புடிடா! சட்டையப் புடிடா!"

அலறியது சேவியர்.

முருகனின் இரண்டு கைகளும் இறுக மூடியிருந்தன, இல்லாத பழங்களின்மேல். பந்து வலைக்குள் போயிற்று.

"இன்னாண்ணா, நீயே புடின்னு கத்துற?" முருகன் மூச்சிரைக்க வந்து கேட்டான்.

பாய் நிதானமாக வந்தார். "புடிச்சிருந்தா ஃபவுலோட போயிருக்கும் கோச். நீங்க பசங்க கையக் கட்டிப்போட்டுட்டீங்க."

"ஆமா பாய்."

"அடுத்த வாரத்துலர்ந்து வேற ஆளு வரான். மனசுல வெச்சுக்காதீங்க."

சேவியர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கொடுத்தான். பாய் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஆறு மணி, பாகூர் பஸ் நிறுத்தம். நான் ஊர்விட்டு ஊர் போவது ஓரிடத்தில் நிற்காத கால் அரிப்பினால்; போகச் சொல்லி எவரும் என்னிடம் விசில் வாங்கிக்கொண்டதில்லை. இருவரும் டீ குடித்தோம். புதுச்சேரி பஸ் வந்தது. படியில் கால் வைத்தபோது என் சட்டை பின்னால் இழுபட்டது.

"அடுத்த பஸ்ஸுல போயேன்டா."

"ஃபவுல்டா," என்றேன்.

சட்டென்று விட்டான். இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினான்.

"தொடவே இல்ல சார்."