காபிக்கடையில் ஒரு பொய் இழவு

முகத்தைப் பார்க்காமலே ஒருவனோடு ஏழு வருடம் சிரித்திருந்தால், அவனைத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாமா? அன்னாபா நகரச் சந்தைக்குப் பின்புறத்துத் தெருவில் டிஷ் ரிசீவர்களைப் பழுது பார்த்துவந்த ஃபோதில் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டவரல்ல. அவருடைய வாழ்க்கைதான் அதைக் கேட்டது.

அல்ஜீரியா முழுவதும் சிதறிக் கிடந்த ரிசீவர் பழுதுக்காரர்களுக்கு இணையத்தில் ஒரு மன்றம் இருந்தது. பந்தாட்டத்துக்கு முன்தினம் சேனல் இருண்டுபோனால் ஊரே கடைவாசலில் நிற்கும். கடைக்காரர்கள் மன்றத்தின் வாசலில் நிற்பார்கள். பழுதுப் பகுதியில் வேடிக்கைப் பேச்சு கூடாது என்பது விதி. வேடிக்கை பேச வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஓர் அறை, பெயர் காபிக்கடை. அதற்குப் பொறுப்பாளர் ஃபோதில். நேரில் அதிகம் பேசாதவர். வாடிக்கையாளரிடம் "நாளைக்கு வா" என்பதற்கு மேல் வார்த்தை செலவழிக்கமாட்டார். காபிக்கடைக்குள் வந்துவிட்டால் அவர் வாய்க்கு முன்னால் ஒருவரும் நிற்க முடியாது. எழுத்தில் மட்டும் தைரியம் வருகிற மனிதர்கள் உண்டு. அதைத் திறமை என்று சொல்வதா, ஒளிந்துகொள்வது என்று சொல்வதா என்பது பார்ப்பவரைப் பொறுத்தது.

காபிக்கடைக்கு ஒரு வழக்கம் இருந்தது, ஃபோதில் தொடங்கிவைத்தது. இரண்டு வாரம் ஒருவன் தலைகாட்டாவிட்டால் அவனுக்கு இழவு அறிவித்துவிடுவார்கள். எழுத்திலேயே குழியை வெட்டி, இழவுச் சாப்பாடாகக் கூஸ்கூஸ் ஆக்கி, அவன் சொத்தைப் பங்கு பிரிப்பார்கள். செத்தவன் திரும்பி வந்து, "டேய், என் மீட்டரை எடுத்தவன் எவன்டா?" என்று கத்துவான். அதற்காகவே காணாமல் போனவர்களும் உண்டு.

திபெஸ்ஸா ஊரிலிருந்து 'வீங்கிய கெப்பாசிட்டர்' என்ற பெயரில் எழுதும் ஒருவர்தான் ஃபோதிலுக்குச் சரியான ஜோடி. இவர் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்வார். அந்த இலையுதிர்காலத்தில் அவர் இரண்டு வாரம் வரவில்லை. ஃபோதிலுக்குக் கை பரபரத்தது.

"சகோதரர்களே, நம்ம கெப்பாசிட்டர் வெடிச்சிருச்சு. வீங்கிப்போய் ரொம்ப நாளாச்சு, மாத்துங்கன்னு சொன்னேன், யாரும் கேக்கல. கூஸ்கூஸ் அவங்கவங்க வீட்டுல. கண்ணீர் சொந்தச் செலவு."

"அவரோட சால்டரிங் அயர்ன் எனக்கு" என்றார் 'பிளக் பாஷா' என்ற பெயரில் எழுதுபவர். இவரும் திபெஸ்ஸாக்காரர்தான், ஊரின் மறுகோடியில் கடை.

"அது சூடாகி மூணு வருஷமாச்சு. உனக்குப் பொருத்தம்தான்" என்றார் ஃபோதில்.

"அவரு வாங்குன கெட்ட பேரை யாரு எடுத்துக்கிறது?"

"அதைத் தூக்க லாரி வேணும்யா."

பக்கம் பக்கமாக ஓடியது. மூன்றாம் நாள் செத்தவரின் பெயருக்கு அருகில், ஆள் உள்ளே வந்திருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. காபிக்கடையே எழுந்து கைதட்டியது. அவர் கணக்கிலிருந்து வந்த வரிகள் இவை:

"நான் அவரோட மக ஸக்கியா. அப்பா இறந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. இதை எங்கம்மா பாத்துட்டாங்க. தயவுசெஞ்சு எடுத்துருங்க."

வேறு எங்கே எழுதப்பட்டிருந்தாலும் அந்த வரிகளை யாராயிருந்தாலும் நம்பியிருப்பார்கள். இங்கே செத்தவன் எழுந்து வந்து ஆடுகிற ஆட்டம் எல்லோருக்கும் பழக்கம். ஒருவன் தன் மாமியார் பெயரில் ஒப்பாரி வைத்திருக்கிறான். இன்னொருவன் புதைகுழியிலிருந்து சிக்னல் அளவு அனுப்பியிருக்கிறான். ஃபோதில் முந்திக்கொண்டார்.

"யோவ், பொம்பள வேஷம் உனக்கு எடுபடல. மீசை தெரியுது. அப்பன்கிட்ட சொல்லு பாப்பா, குழி வெட்டுன கூலி பாக்கி இருக்குன்னு."

பச்சை விளக்கு அணைந்தது. சிரிப்பு மாலைவரை ஓடியது. மறுநாள் பிளக் பாஷா எழுதினார்.

"கடை கடையா விசாரிச்சு, நான் அவரு வீட்டுக்கே நேர்ல போய்ட்டு வந்தேன். உண்மைதான். பேரு மெஸ்ஊதாம். நெஞ்சுவலி, மாடிப்படியிலேயே விழுந்திருக்காரு. அந்தப் பொண்ணு கதவைத் தெறந்துச்சு. நான் யாருன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அதன் பிறகு ஒவ்வொருவராக வந்து தத்தம் வரிகளை அழித்தார்கள், கல்யாண வீட்டில் தட்டை உடைத்தவன் துண்டுகளைப் பொறுக்குவதுபோல. ஃபோதில் அந்தப் பொய் இழவுப் பேச்சை முழுவதுமாக எடுத்துவிட்டு, ஸக்கியாவுக்குத் தனியாக, "மன்னிச்சிரு மகளே" என்று மட்டும் எழுதினார். பதில் வராது என்று நினைத்திருந்தார்.

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த பிறகு பதில் வந்தது.

"சித்தப்பா, உங்க மேல கோபமில்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா ஒண்ணு கேக்கணும். அப்பா வீட்டுல பேசவே மாட்டாரு. சாப்பிட்டதும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து தனியா சிரிப்பாரு. என்னன்னு அம்மா கேட்டா 'ஒண்ணுமில்ல'ன்னுருவாரு. பழைய பக்கமெல்லாம் பொறுப்பாளரு மட்டும்தான் பாக்க முடியும்னு இதுல போட்டிருக்கு. அவரு எழுதுனதெல்லாம் எங்களுக்கு அனுப்புவீங்களா? அம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும். அவரு எப்படி இருந்தாருன்னு எங்களுக்குத் தெரியாது."

ஃபோதில் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, ஏழு வருடத்தையும் முதல் பக்கத்திலிருந்து வாசிக்க உட்கார்ந்தார். முதலில் சிரிப்பு வந்தது. மெஸ்ஊத் தன் மனைவியை 'உள்துறை அமைச்சர்' என்றே எழுதியிருந்தார். "அமைச்சகம் இன்னிக்கு உப்பை ஒதுக்கீடு செய்யல." "அமைச்சர் மூக்கைச் சிந்துனா மூணு சேனல் கட்டாகுது." இதையெல்லாம் எழுதும்போது எல்லோரும் அவரவர் மனைவியைத்தான் நினைத்துச் சிரித்தார்கள். இப்போது ஒரு விதவையின் எதிரில் உட்கார்ந்து அவளுடைய மகள் வாசிப்பதாக நினைத்துப் படித்தால், ஒவ்வொரு வரிக்கும் பல் முளைத்திருந்தது.

நடுவே ஒரு வரி. "வீட்டுல நான் குடித்தனக்காரன் மாதிரிண்ணே. வாடகை ஒழுங்கா கட்டுறேன். பேசத்தான் ஆளில்ல." அதற்குக் கீழே ஃபோதில், "பேசாத வீடா? அட்வான்ஸ் எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லு, நான் வந்துடறேன்" என்று எழுதியிருந்தார்.

போன ரமலானில் இன்னொன்று.

"நெஞ்சுக்குள்ள ட்ரான்ஸ்ஃபார்மர் மாதிரி ஒரு இரைச்சல்ணே. மாடிப்படி ஏறுனா சிக்னல் போயிருது."

"டிஷ்ஷைக் கெழக்கால திருப்பு. அப்பவும் வரலைன்னா கழட்டிப் போட்ரு. பழைய சரக்கு, ஸ்பேருக்குக்கூட ஆகாது."

இப்படிச் சொன்னதும் ஃபோதில்தான். கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். முதல் சிரிப்பு மெஸ்ஊதுடையது.

ஒருவன் தன் நோயைச் சொல்வதற்கு இடம் தேடி, வேடிக்கைக்கென்று ஒதுக்கிய ஒரே ஒரு அறையைத்தான் கண்டுபிடித்தான் என்றால், குறை அறையிலா, அவனிலா, அங்கே காத்துக்கொண்டிருந்தவர்களிலா? ஃபோதில் தன்னை மன்னித்துக்கொள்ளக் காரணம் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். அங்கே எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். மெஸ்ஊதும்தான் சிரித்தார். அவை கெட்டியான காரணங்கள் அல்ல, ஆனாலும் காரணங்கள்.

அவருக்கு வழிகள் இருந்தன. அந்த இரண்டு உரையாடல்களை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை அனுப்பியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அமைச்சர் கேலிகளையும் எடுத்துவிட்டு, பந்தாட்டம், மழை, மின்வெட்டு என்று சாதுவாக ஒரு மெஸ்ஊதைக் கோத்துக் கொடுத்திருக்கலாம். அல்லது உள்ளபடி எல்லாவற்றையும் அனுப்பி, தன் பெயரையும் சேர்த்து அந்தப் பெண்ணின் கையில் ஒப்படைத்திருக்கலாம். மூன்று நாள் அவர் பழைய பக்கங்களையே திரும்பத் திரும்பப் படித்தார். கடைக்கு வந்தவர்களிடம் மட்டும் "நாளைக்கு வா" என்றார்.

நான்காம் நாள் காலை காபிக்கடை இல்லை. மெஸ்ஊதின் பக்கங்கள் மட்டுமல்ல, எல்லோருடைய ஏழு வருடமும், கல்யாணக் கேலிகள், பொய் இழவுகள், பெருநாள் வாழ்த்துகள் அத்தனையும் போயிருந்தன. மன்றத்து உரிமையாளர் தேடிப் பார்த்துவிட்டு, நகல்கூட மிச்சமில்லை என்றார். "யோவ் ஃபோதில், என் மக பொறந்த அன்னிக்கு நீங்கள்லாம் எழுதுனது அதுலதான்யா இருந்துச்சு! எவனைக் கேட்டு அழிச்ச?" என்று பிளக் பாஷா கத்தினார். இன்னொருவர் அவரைத் திருடன் என்றார்.

ஸக்கியாவுக்கு ஒரு வரி போயிருந்தது. "மகளே, பழசு எதுவுமில்ல. எல்லாம் அழிஞ்சுபோச்சு."

ஏன் என்று உரிமையாளர் கேட்டார், பிளக் பாஷா கேட்டார், ஸக்கியாவும் ஒருமுறை கேட்டாள். ஏழு வருடத்தையும் தன் கையாலேயே அழித்திருந்த ஃபோதில், கடைவாசலில் நின்றவரிடம் "நாளைக்கு வா" என்றார்.