மாமா போட்ட கோடு

10007 என்ற எண்ணை மாமா கெடுத்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமா அம்மாவின் தம்பி. நாங்கள் புலம்பெயர்ந்து வாழ்ந்த மோர்டனில் எங்களோடுதான் இருந்தார். எந்த இலக்கத்தைக் கண்டாலும் கூட்டிப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. எட்டு வந்தால் சனியன், ஒன்பது வந்தால் ராசி. எண்பதாம் இலக்க பஸ் வந்தால் ஏறமாட்டார். அடுத்த பஸ் வரும்வரை மழையில் நிற்பார். அவரோடு போன பாவத்துக்கு நானும் நனைவேன்.

ஐந்தாம் வகுப்பில் ஆசிரியை ஒரு போட்டி வைத்தார். ஆளுக்கொரு முதன்மை எண்ணைக் கண்டுபிடித்து அட்டையில் எழுதி வரவேண்டும். முதன்மை எண் என்றால் ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாதது. வருகிறவற்றில் ஆகப் பெரியது பள்ளி மண்டபச் சுவரில் தொங்கும்.

விடுமுறை முழுவதும் குசினி மேசையில் இருந்து வகுத்தேன். நூற்றுக்குக் கீழே இருக்கிற முதன்மை எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மீதி வந்தது. மீதி வர வர எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் 10007 என்று நீல மார்க்கரால் பெரிதாக எழுதிச் சுருட்டி வைத்தேன்.

காலையில் மாமாதான் காரில் கொண்டுபோய் விட்டார். வகுப்பில் அட்டையை விரித்தேன். 100071 என்று இருந்தது. அதே நீலத்தில், கடைசியில் நேரான ஒரு கோடு.

ஆசிரியை ஒரு பார்வைதான் பார்த்தார். இது ஒன்பதால் வகுபடும் என்று சொல்லி அட்டையை ஒதுக்கிவிட்டார். அந்த ஒன்று என்னுடையது அல்ல, மாமா போட்டது என்றேன். வகுப்பே சிரித்தது. கொண்டுவருவதைச் சரிபார்த்துக் கொண்டுவர வேண்டும் என்று எனக்கே புத்தி சொன்னார். என்னுடையதைவிடச் சின்ன எண் ஒன்று சுவரில் ஏறியது. என்ன நியாயம் இது?

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மாமாவிடம் சண்டைக்குப் போனேன்.

"எட்டோட எப்பிடிப் பிள்ளை உன்னை விடுறது?" என்றார் மாமா. "ஒரு கோடுதானே போட்டனான். இப்ப பெரிசாயும் போச்சு."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்ற வெட்கம்கூட அவர் முகத்தில் இல்லை. அந்தத் தவணை முடியும்வரை நான் அவரோடு கதைக்கவில்லை.

கூட்டினால் ஒன்பது வருகிற எந்த எண்ணும் ஒன்பதால் வகுபடும் என்று அடுத்த வருடம் படித்தேன். மாமாவின் ராசியான எண்களில் தேடினாலும் ஒரு முதன்மை எண் கிடைக்காது. எனக்குக் கோபம் இரட்டித்தது.

நான் வளர்ந்தபிறகுதான் அம்மா சொன்னார். மாமா இந்த நாட்டுக்கு வந்து அகதியாக விண்ணப்பித்தபோது அவருடைய வழக்குக்குக் கொடுத்த இலக்கம் கூட்டினால் எட்டு. மறுத்துவிட்டார்கள். ஏன் என்று அவருக்கு விளங்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. பிறகு திரும்ப விண்ணப்பித்தார். அதே கதை, அதே தழும்புகள். இலக்கம் மட்டும்தான் வேறு. அது கூட்டினால் ஒன்பது. நாட்டில் இருக்கலாம் என்று விட்டார்கள்.

என் எண்ணுக்கு என்னிடம் நிரூபணம் இருந்தது. அவரிடமும் ஒன்று இருந்தது என்பதோ, தன்னை உள்ளே விட்ட ஒன்பதைத்தான் அன்று காலை என் கையிலும் தந்துவிட்டார் என்பதோ அப்போது எனக்குத் தெரியாது.